தொகுதி பூச்சியமானால் மட்டும் போதுமா? விகிதமுறு சார்பின் பூச்சியங்களைக் காண்பது

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாடு வளர்ப்பவர்களிடம் தயிர்ச்சட்டி வாங்கி, ஓட்டோவில் ஏற்றி, மண்முனைப் பாலத்தால் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குக் கொண்டுவந்து விற்கும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டியில் அவருக்கு 100 ரூபாய் மிஞ்சுகிறது. ஓட்டோக் கூலி 3000 ரூபாய். ஒரு சட்டி ஏற்றினாலும் அறுபது சட்டி ஏற்றினாலும் கூலி அதேதான். தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை. சந்தை விலை இல்லை.

அவர் ச சட்டிகள் விற்றால், கூலி போகக் கையில் நிற்பது 100ச − 3000 ரூபாய். பாடப்புத்தகத்தில் எக்ஸ் என்று இருக்கும் இடத்தில் நான் ‘ச’ போடுகிறேன், சட்டிக்காக. எழுத்து எதுவானாலும் கணக்கு மாறாது. இப்போது, “சரி, ஒரு சட்டிக்கு எவ்வளவு லாபம்?” என்று கேட்டால் மொத்தத்தைச் சட்டிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்:

(100ச − 3000) / ச

10 சட்டி விற்றால் சட்டிக்கு −200 ரூபாய், அதாவது ஒவ்வொரு சட்டியிலும் 200 ரூபாய் நட்டம். 20 விற்றால் −50. 60 விற்றால் +50. நட்டத்தில் தொடங்கி லாபத்துக்கு வந்திருக்கிறார் என்றால், நடுவில் ஓரிடத்தில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்று நின்றிருக்க வேண்டும். அது ச = 30. அந்த இடத்தில் கோவையின் பெறுமானம் பூச்சியம். ச க்கு ஓர் எண்ணைப் போட்டால் ஒரு பெறுமானத்தைத் தருகிற இப்படியான கோவையைச் சார்பு என்போம். அப்படிப் பெறுமானத்தைப் பூச்சியமாக்குகிற எண்ணைத்தான் அந்தச் சார்பின் பூச்சியம் என்கிறோம். இந்தச் சொல்லில் பிள்ளைகள் குழம்புவதுண்டு. சார்பின் பூச்சியம் என்பது 0 என்ற எண் அல்ல. இங்கே அது 30.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரு சட்டிகூட விற்கவில்லை, ஆனால் ஓட்டோ வந்துவிட்டது, கூலியும் கொடுத்தாயிற்று. அப்போது சட்டிக்கு எவ்வளவு நட்டம்? சட்டியே இல்லாதபோது ‘சட்டிக்கு’ என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை. ச = 0 என்று போட்டால் −3000 / 0 என்று வந்து கணக்கும் அதையேதான் சொல்கிறது.

இந்தத் தயிர்க் கணக்கிலேயே பாடத்தின் இரண்டு பாதிகளும் இருக்கின்றன. மேலே உள்ளது எங்கே பூச்சியமாகிறது, கீழே உள்ளது எங்கே பூச்சியமாகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தப் பாடத்தில் பயப்பட ஒன்றும் இல்லை.

பெயர்களை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பின்னத்தின் மேல் பக்கம் தொகுதி, கீழ்ப் பக்கம் பகுதி. ச² − 5ச + 6 போன்றவை பல்லுறுப்பிகள். தமிழ்நாட்டில் படித்தவர்கள் பல்லுறுப்புக்கோவை என்பார்கள். தொகுதியிலும் பகுதியிலும் பல்லுறுப்பி இருக்கும் சார்புதான் விகிதமுறு சார்பு. இரண்டு முழு எண்களின் விகிதமாக எழுதக்கூடியது விகிதமுறு எண் என்று படித்தோமே, அதே பெயர்தான் இங்கும். சாதாரணதரத்தில் அட்சரகணிதப் பின்னங்களைச் சுருக்கப் பழகியிருந்தால், இந்த ஆட்களை நீங்கள் முன்பே சந்தித்துவிட்டீர்கள்.

அடுத்து வருவதைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள். பிழைகள் எல்லாம் இங்கேதான் முளைக்கின்றன.

ஒரு பின்னம் எப்போது பூச்சியமாகும்? 0/5 பூச்சியம். 0/100 பூச்சியம். மேலே பூச்சியம், கீழே பூச்சியம் அல்லாத ஏதோ ஓர் எண். வேறு எந்த வகையிலும் ஒரு பின்னம் பூச்சியமாகாது. 5/1000 சிறியது, ஆனால் பூச்சியம் இல்லை. பகுதியை எவ்வளவு பெரிதாக்கினாலும் தொகுதி பூச்சியமாகாதவரை விடை பூச்சியமாகாது.

கீழே பூச்சியம் வந்தால் என்ன? வகுத்தலைப் பெருக்கலால் சரிபார்க்கும் பழக்கம் நமக்குச் சிறுவயதிலேயே வந்தது. 12 இறாலை 4 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 3; ஏனென்றால் 4 × 3 = 12. அதே மாதிரி 5 ÷ 0 க்கு ஒரு விடை இருக்கிறது என்றால், 0 × (அந்த விடை) = 5 ஆக வேண்டும். பூச்சியத்தை எதால் பெருக்கினாலும் 5 வராது. ஆகவே விடை இல்லை. இது யாரோ போட்ட தடை இல்லை. விடையாக நிற்கக்கூடிய எண்ணே இல்லை என்பதுதான் காரணம்.

அப்போ 0 ÷ 0? 0 × (விடை) = 0 ஆக வேண்டும். இப்போது நிலைமை தலைகீழ். 7 போட்டாலும் சரிவரும், −2 போட்டாலும் சரிவரும், 0 போட்டாலும் சரிவரும். எந்த எண்ணும் பொருந்துகிறது என்றால் எதையும் விடையாகத் தேர்ந்தெடுக்க முடியாது. எனவே 0/0 க்கும் பெறுமானம் கிடையாது. ஒன்றில் விடையே இல்லை, மற்றதில் எல்லாமே விடை. காரணம் வேறு வேறு. முடிவு ஒன்று, பெறுமானம் வரையறுக்கப்படவில்லை.

“மேலே பூச்சியம் இருக்குத்தானே டீச்சர், அப்போ 0/0 உம் பூச்சியம்தானே?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பூச்சியத்துக்கான கணித விதிகளை 628 ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்த பிரமகுப்தர், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றுதான் எழுதினார். அவ்வளவு பெரிய கணித அறிஞரே அந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பிள்ளை யோசிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சரி, இனிக் கணக்குக்கு வருவோம். இலேசான ஒன்று முதலில்:

(ச − 3) / (ச + 2)

பகுதி பூச்சியமாகும் இடம் ச = −2. அதை ஓர் ஓரத்தில் எழுதி வையுங்கள்: “ச = −2 கூடாது.” பிறகு தொகுதியைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்துங்கள்: ச − 3 = 0, ச = 3. இது தடை செய்த எண்ணா? இல்லை. ச = 3 இல் பின்னம் 0/5. ஆகவே சார்பின் பூச்சியம் 3. முடிந்தது.

நான் பகுதியை முதலில் பார்த்ததைக் கவனித்தீர்களா? பலர் தொகுதியைத் தீர்த்து விடையை எழுதி, கீழே ஒரு கோடும் போட்டுவிடுவார்கள். பகுதியைப் பிறகு பார்ப்போம் என்று விட்டால், பிறகு பார்ப்பதே இல்லை. கூடாத எண்களை முதல் வரியிலேயே எழுதும் பழக்கம் வந்துவிட்டால், இந்தப் பாடத்தில் போகும் புள்ளிகளில் பாதி போகாது.

இனி உண்மையான கணக்கு:

(ச² − 5ச + 6) / (ச² − 4)

இரண்டையும் காரணிப்படுத்துவோம். தொகுதி (ச − 2)(ச − 3). பகுதி (ச − 2)(ச + 2). கூடாத எண்கள் 2, −2. தொகுதி பூச்சியமாவது ச = 2 இலும் ச = 3 இலும்.

ச = 3 ஐப் போட்டுப் பாருங்கள். மேலே 9 − 15 + 6 = 0. கீழே 9 − 4 = 5. 0/5, பூச்சியம். நல்லது.

ச = 2 ஐப் போட்டால் மேலே 4 − 10 + 6 = 0. கீழே 4 − 4 = 0. 0/0. நாம் ஓரத்தில் எழுதி வைத்த எண் இது. ஆகவே 2 பூச்சியம் அல்ல. இந்தச் சார்பின் ஒரே பூச்சியம் 3.

அப்படியானால் ச = 2 இல் என்னதான் நடக்கிறது? போனில் உள்ள கல்குலேட்டரை எடுங்கள். 2 க்கு மிக அருகில் உள்ள எண்களைப் போட்டுப் பாருங்கள். 1.9 இல் ஏறத்தாழ −0.282. 1.99 இல் −0.253. அந்தப் பக்கம் 2.1 இல் −0.220. 2.01 இல் −0.247. இரண்டு பக்கத்திலிருந்தும் −0.25 ஐ நோக்கி வருகிறது. காரணி (ச − 2) ஐ மேலும் கீழும் வெட்டினால் (ச − 3)/(ச + 2) மிஞ்சும். அதில் 2 ஐப் போட்டால் −1/4. வரைபு கீறினால், கோடு ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், ச = 2 இல் வரவேண்டிய அந்த ஒரே ஒரு புள்ளி மட்டும் இருக்காது. வலையில் ஒரேயொரு கண் அறுந்த மாதிரி ஒரு துளை. அந்தத் துளையைச் சின்ன வெறும் வட்டமாகக் கீறிக் காட்டுவோம்.

ஆகவே இந்தச் சார்பும் (ச − 3)/(ச + 2) உம் மிக நெருங்கிய சொந்தம், ஆனால் ஒரே ஆள் இல்லை. ஒன்றுக்கு ச = 2 இல் பெறுமானம் உண்டு, மற்றதற்கு இல்லை.

“அப்போ, முதலில் வெட்டிவிட்டு, மிஞ்சுகிற தொகுதியை மட்டும் தீர்த்தால் என்ன? 2 தானாகவே போய்விடுமே” என்று ஒரு குறுக்குவழி தோன்றும். மேலே உள்ள கணக்கில் அது சரியாகவே விடை தரும். ஆனால் இதைப் பாருங்கள்:

(ச − 2)²(ச + 1) / (ச − 2)

வெட்டினால் (ச − 2)(ச + 1). இதைத் தீர்த்தால் 2, −1. ஆனால் மூலச் சார்பில் ச = 2 போட்டால் 0/0. பெறுமானமே இல்லாத இடம் பூச்சியமாக இருக்க முடியாது. சரியான விடை −1 மட்டுமே. வரைபில் துளை விழுந்திருப்பது சரியாகக் கிடை அச்சின் மேலேயே. கோடு அச்சைத் தொடப்போய், தொடுகிற அந்தப் புள்ளி மட்டும் இல்லாமல் கடந்துபோகும். குறுக்குவழியை நம்பியவர் இங்கே அகப்பட்டுக்கொள்வார். கூடாத எண்களை எப்போதும் வெட்டுவதற்கு முன் இருக்கும் பகுதியில்தான் எடுக்க வேண்டும்.

சில சார்புகளுக்குப் பூச்சியமே கிடையாது. 7/(ச − 1) இல் தொகுதி எப்போதும் 7. அது பூச்சியமாகப் போவதில்லை. (ச² + 4)/(ச − 1) இலும் அப்படித்தான்: எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் மறை ஆகாது, ஆகவே ச² + 4 குறைந்தது 4. “பூச்சியங்கள் இல்லை” என்பதும் முழுமையான விடைதான். விடை வரவில்லையே என்று பதறி எதையாவது எழுதிவைக்க வேண்டாம்.

தொகுதி மூன்றாம் படியாக வந்தால்?

(ச³ − 6ச² + 11ச − 6) / (ச² − ச)

பகுதி ச(ச − 1). கூடாதவை 0, 1. தொகுதிக்குக் காரணி தேட வேண்டும். இங்கே ஒரு அழகான வழி இருக்கிறது. தொகுதியைப் பூச்சியமாக்கும் முழு எண் ஒன்று இருந்தால், ச³ − 6ச² + 11ச = 6, அதாவது ச × (ச² − 6ச + 11) = 6. இரண்டு முழு எண்களின் பெருக்கம் 6. அப்படியென்றால் ச என்பது 6 ஐ மீதியின்றி வகுக்கும் எண்ணாகத்தான் இருக்க வேண்டும். உலகத்தில் உள்ள எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை; 1, 2, 3, 6, இவற்றின் மறை எண்கள், அவ்வளவுதான். 1 ஐப் போட்டால் 1 − 6 + 11 − 6 = 0. 2 ஐப் போட்டால் 8 − 24 + 22 − 6 = 0. 3 ஐப் போட்டால் 27 − 54 + 33 − 6 = 0. மூன்றும் கிடைத்துவிட்டன, மூன்றாம் படிக்கு அதற்கு மேல் இருக்க முடியாது. இதில் 1 கூடாத எண். ஆகவே பூச்சியங்கள் 2, 3. முழு எண் எதுவும் பொருந்தாவிட்டால் வேறு வழிகள் தேட வேண்டும், ஆனால் பரீட்சைக் கணக்குகளில் பெரும்பாலும் இந்தச் சின்னப் பட்டியலிலேயே ஒன்று அகப்படும். ஒன்று அகப்பட்டால் காரணித் தேற்றம் (ச = க தொகுதியைப் பூச்சியமாக்கினால் (ச − க) அதன் காரணி என்பது) மிச்சத்தை இருபடியாக்கித் தந்துவிடும்.

இனி வரைபு பற்றிக் கொஞ்சம். பூச்சியம் என்பது வரைபு கிடை அச்சைச் சந்திக்கும் இடம். சந்திப்பதிலும் இரண்டு விதம். (ச − 3)/(ச + 2) இல் வரைபு 3 இல் அச்சை வெட்டிக்கொண்டு கீழிருந்து மேலே போகிறது. (ச − 2)²/(ச + 1) இல் 2 இல் வந்து தொட்டுவிட்டு, வந்த பக்கமே திரும்பிவிடுகிறது; ச = 1 இல் 1/2, ச = 3 இல் 1/4, இரண்டும் நேர். காரணி ஒற்றைத் தடவை வந்தால் கடக்கும், இரட்டைத் தடவை வந்தால் தொட்டுத் திரும்பும்.

பகுதி மட்டும் பூச்சியமாகும் இடத்தில் வரைபு வேறு மாதிரி நடந்துகொள்ளும். (ச − 3)/(ச + 2) இல் −2 க்குக் கிட்டப் போகப் போக பெறுமானம் கட்டுக்கடங்காமல் போகிறது: −1.9 இல் −49, −1.99 இல் −499. அந்தப் பக்கம் −2.1 இல் +51. ச = −2 இல் நிற்கும் நிலைக்குத்துக் கோட்டை வரைபு நெருங்கிக்கொண்டே இருக்கும், தொடாது. அதுதான் அணுகுகோடு.

இதனால் ஒரு முக்கியமான விளைவு உண்டு. பல்லுறுப்பியின் வரைபு எங்கும் அறாத ஒரே கோடு. அது நேரிலிருந்து மறைக்குப் போனால் வழியில் கட்டாயம் பூச்சியத்தைக் கடந்தே ஆக வேண்டும். வாவியால் பிரிந்த இரு கரைகளில் தரைவழியே மட்டும் போகிறவர் பாலத்தில் ஏறாமல் மறுகரைக்குப் போக முடியாத மாதிரி. விகிதமுறு சார்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. −2.1 இல் +51, −1.9 இல் −49. குறி மாறிவிட்டது, ஆனால் நடுவில் பூச்சியம் இல்லை. அது அணுகுகோட்டில் அறுந்து, மறுபக்கத்தில் புதிதாகத் தொடங்குகிறது. குறி மாறியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து “இடையில் பூச்சியம் உண்டு” என்று எழுதிவிடாதீர்கள். உயர்தர இணைந்த கணிதத்தில் சமனிலி தீர்க்கும்போது இது அப்படியே கைகொடுக்கும்: பூச்சியங்களையும் கூடாத எண்களையும் ஒரே எண்கோட்டில் குறித்து, ஒவ்வொரு துண்டிலும் ஓர் எண்ணைப் போட்டுக் குறியைப் பாருங்கள். இந்தச் சார்பில் −2 க்கு இடப்பக்கம் நேர், −2 க்கும் 3 க்கும் இடையில் மறை, 3 க்கு வலப்பக்கம் நேர்.

இன்னும் ஒரு வகை மிச்சம் இருக்கிறது. கணக்கு எப்போதும் ஒரே பின்னமாக வராது. சில வேளை துண்டு துண்டாக வரும். அதற்குத் தயிருக்கே திரும்பிப் போவோம்.

நிறையச் சட்டி கொண்டுவந்தால் எல்லாவற்றையும் ஒரே விலைக்கு விற்க முடியாது. விலையைக் குறைத்தால்தான் விற்றுத் தீரும். ஆகவே சட்டிக்கு 100 ரூபாய் என்பதை மாற்றி, ச சட்டி கொண்டுவந்தால் ஒவ்வொன்றிலும் (130 − ச) ரூபாய் மிஞ்சும் என்று வைப்போம். ஓட்டோக் கூலி அதே 3000; அதைச் சட்டிகளுக்குப் பங்கிட்டால் சட்டிக்கு 3000/ச. இப்போது சட்டிக்கு லாபம்:

130 − ச − 3000/ச

இப்படியே பார்த்தால் எங்கே பூச்சியம் என்று கண்ணுக்குத் தெரியாது. முழுவதையும் ஒரே பகுதியின் கீழ் கொண்டுவர வேண்டும். 130 ஐ 130ச/ச என்றும், ச ஐ ச²/ச என்றும் எழுதிச் சேர்த்தால்:

(−ச² + 130ச − 3000) / ச

கூடாத எண் 0. தொகுதியைப் பூச்சியமாக்கி, குறியை மாற்றினால் ச² − 130ச + 3000 = 0. பெருக்கினால் 3000, கூட்டினால் 130 வரும் இரண்டு எண்கள்: 30, 100. (ச − 30)(ச − 100) = 0. இரண்டுமே கூடாத எண் இல்லை.

மூலக் கோவையிலேயே போட்டுச் சரிபாருங்கள். சேர்த்து எழுதிய பின்னத்தில் போட்டால் சேர்த்தபோது விட்ட பிழை தெரியாமலே போய்விடும். ச = 30 இல் 130 − 30 − 100 = 0. ச = 100 இல் 130 − 100 − 30 = 0. நடுவில் ஓர் இடம், ச = 50 இல், 130 − 50 − 60 = 20 ரூபாய் லாபம்.

30 சட்டிக்குக் குறைந்தால் கூலி தின்றுவிடும். 100 சட்டிக்கு மேல் போனால் விலை இறக்கம் தின்றுவிடும். அக்கா 31 க்கும் 99 க்கும் இடையில் எத்தனை சட்டி ஏற்றினாலும் கையில் காசோடுதான் வீடு திரும்புவார்.